பேனரா, பேப்பரா, வாட்ஸ்அப்பா? பெங்களூரில் ஒரு விழாவை ஊருக்குச் சொல்லும் வழிகள்

மார்கழி பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை முதல் ஆள் ஆஸ்டின் டவுன் நண்பர். "பொங்கல் விழாவுக்குக் கிரவுண்டு கிடைச்சாச்சு, பறை செட் வர்றாங்க, கரும்புக்கு ஓசூர்ல சொல்லியாச்சு. விளம்பரத்துக்குன்னு முப்பதாயிரம் தனியா எடுத்து வெச்சிருக்கோம். பேனர் அடிக்கலாமா, பேப்பர்ல போடலாமா, இல்ல பசங்க சொல்ற மாதிரி மொத்தத்தையும் இன்ஸ்டாவுல கொட்டிடலாமா அண்ணா?"

அல்சூரில் ஒரு பொங்கல் விழாக் குழுவில் நான்கு வருடம் விளம்பர வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். கற்றுக்கொண்டதைவிடக் கையைச் சுட்டுக்கொண்டது அதிகம். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சிவாஜிநகர், அல்சூர், எம்.ஜி. ரோடு, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் என்று நகரத்தின் நடுப்பகுதியை மனதில் வைத்துச் சொல்வது இது. ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட் விழாவுக்குக் கணக்கு வேறு.

## அழைக்காமலே கூடும் கூட்டம்

சின்ன விழாவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பெரிய விழாக்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே, அதாவது வேர்க்கடலைத் திருவிழா. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, பெரிய நந்தி கோயில் ரோடு முழுக்க வேர்க்கடலைக் குவியல். கரகம், சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கிளம்பும். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. காவி உடுத்திய கூட்டம் விடியற்காலையிலேயே நடந்து வர ஆரம்பித்துவிடும். இந்த மூன்றுக்கும் யாரும் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்பதில்லை. பாட்டி சொல்லி அம்மாவுக்குத் தெரியும், அம்மா சொல்லி நமக்குத் தெரியும்.

சரி, அவை பழைய விழாக்கள். சித்ர சந்தே என்னும் ஓவியச் சந்தை வந்து இருபது வருடம் சொச்சம்தான் ஆகிறது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, பெரும்பாலும் முதல் ஞாயிறு, குமார கிருபா ரோட்டை அடைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கடை விரிப்பார்கள். அந்த ரோடு, அந்த மாதம் என்பது மாறாததால் படம் வாங்குகிறவர்களுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. 2020 நவம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டில் சனி, ஞாயிறு வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று விட்டார்களே, அதுவும் இப்படித்தான். வாராவாரம் ஒரே நாளில் நடந்ததால், கொஞ்ச நாளில் ஜனங்கள் கேட்காமலேயே போக ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விழாக்களுக்கெல்லாம் பெரிய விளம்பரதாரர் டிராஃபிக் போலீஸ்தான். "இந்த ரோடு மூடல், இப்படிச் சுற்றிப் போங்கள்" என்று அவர்கள் ஓர் அறிவிப்பு போட்டதும் எல்லாப் பேப்பரிலும் வரும், எஃப்.எம்.மில் வரும், ஆபீஸ் குரூப்பில் வரும். எரிச்சலோடு படிக்கிறவனுக்கும் "ஓ, பரிஷே வந்துவிட்டதா" என்று உறைக்கும்.

நம் மாதிரிச் சின்ன விழா இரண்டு மூன்று வருடமாகத்தான் நடக்கிறது. தேதி, கிரவுண்டு கிடைப்பதைப் பொறுத்தது. ரோட்டை மூடுகிற அளவு ஆளும் இல்லை. ஆகவே வாய் வலிக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் பணத்தில் ஆரம்பிப்பார்கள். நான் தூரத்தில் ஆரம்பிப்பேன். வர வேண்டியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நடை தூரமா, ஒரு பஸ் தூரமா, மெட்ரோ பிடித்து வரும் தூரமா? நடை தூரத்து ஆளுக்கு இன்ஸ்டாகிராமில் பணம் கட்டுவதும், மெட்ரோ தூரத்து ஆளுக்குத் தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டுவதும் ஒரே மாதிரி வீண்.

இரண்டாவது, கையில் எத்தனை நாள் இருக்கிறது. மூன்றாவது, பணம் போக வேறு என்ன செலவு. போன் எடுப்பது, அலைவது, கெஞ்சுவது எல்லாம் ரசீதில் வராது, ஆனால் யாரோ ஒருவர் தலையில் விழும். நான்காவது சட்டம்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: எத்தனை பேர் வந்தால் தாங்கும்? 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நடந்தது நினைவிருக்கும். ஆர்.சி.பி. கிரிக்கெட் அணியின் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வாருங்கள் என்று காலையில் சோஷியல் மீடியாவில் போட்ட அழைப்பு, மாலைக்குள் சுமார் 35,000 பேர் உட்காரும் இடத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். நம் பொங்கலுக்கு லட்சம் பேர் வரப்போவதில்லை. ஆனால் ஒரே வாசல் உள்ள கிரவுண்டில் எண்ணூறு பேருக்குப் பதில் நாலாயிரம் பேர் வந்தால் அதுவும் ஆபத்துதான். எத்தனை பேருக்குச் சொல்கிறோம் என்பது நம் பிடியில் இருக்கிற வழிகள் சில, இல்லாத வழிகள் சில.

## பேனரும் போஸ்டரும்

ஒரே வரியில் சொன்னால்: ஃப்ளெக்ஸ் வேண்டாம்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கமிட்டியிலும் ஒரு பெரியவர் "பேனர் இல்லாம விழாவா?" என்று கேட்பார். கர்நாடகாவில் 1981-லிருந்தே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் கண்ணில் படுகிற இடத்தில் அனுமதியில்லாமல் விளம்பரம் வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2016 மார்ச்சில் மாநில அரசு பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது ஃப்ளெக்ஸும் பேனரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் காய்ச்சி எடுத்த பிறகு மாநகராட்சி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஃப்ளெக்ஸ்களை இறக்கியது. அதே மாதம் வெளிப்புற விளம்பரங்களுக்கே ஓராண்டுத் தடை போட்டது. 2023-ல் ஒரு பேனருக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமார் அறிவித்தார். அப்புறமும் தலைவர்கள் பிறந்த நாளுக்கு பேனர் நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது. அவர்களைக் கேட்க ஆள் இல்லை, நம்மைக் கேட்க ஆள் உண்டு.

எங்கள் முதல் வருடம் எட்டு ஃப்ளெக்ஸ் அடித்தோம். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஏணியோடு போய்க் கட்டினோம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்த்தால் எட்டில் ஒன்றுகூட இல்லை, கட்டின கயிறு மட்டும் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தப்பு எங்களுடையதுதான். ஒரு சதுர அடிக்கு இவ்வளவுதானா என்று ஃப்ளெக்ஸ் விலை ஆசை காட்டும். அதில் விழக்கூடாது.

பேனர் சரிப்படும் இடம் ஒன்று இருக்கிறது. விழா நாளில், கிரவுண்டு கேட்டுக்கு உள்பக்கம், துணியில் எழுதியது. "இங்கேதான்" என்று சொல்வதற்கு அது போதும். துணியில் கையால் எழுதுகிறவர்கள் அருகிப் போய்விட்டார்கள், இரண்டு வாரம் முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

எழுதும்போது கன்னடம் மேலே, தமிழ் அதற்குக் கீழே. கடைப் பெயர்ப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2024-ல் சட்டம் வந்தது. நம் நோட்டீஸ் பெயர்ப் பலகை இல்லைதான். ஆனாலும் மேலே கன்னடம் இருந்தால் வீண் பேச்சு வராது. அதைவிட, எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் குழந்தைகளோடு வரும். எங்கள் உறியடியில் இரண்டு வருடம் பரிசு வாங்கியது அந்த வீட்டுப் பையன்தான்.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் பழைய வழியையும் சிலர் கேட்கிறார்கள். போலீஸ் அனுமதி வேண்டும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் கூடாது. சிவாஜிநகரில் பௌரிங் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடங்களையும் தவிர்த்து ஆட்டோவை எந்தச் சந்தில் ஓட்டுவது? ஒருநாள் முயன்று விட்டுவிட்டோம்.

## பிட் நோட்டீஸும் பேப்பரும்

நடை தூரத்து ஆட்களுக்கு இன்றைக்கும் இதை மிஞ்சும் வழி கிடையாது. என் வயதுக்காரன் சொல்வதால் சொந்த விருப்பம் என்று நினைக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

இரண்டாவது வருடம் மூவாயிரம் நோட்டீஸ் அடித்து, காலை நாலரை மணிக்கு பேப்பர் ஏஜென்டைப் பார்க்கப் போனேன். பூட்டிய கடையின் ஷட்டருக்கு முன்னால், தெருவிளக்கு வெளிச்சத்தில், கோணிப்பை விரித்து நாலு பையன்கள் உட்கார்ந்து பேப்பருக்குள் சப்ளிமென்டைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். ஏஜென்ட் என் கட்டைப் பிரித்து ஒரு தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மெல்லிசா இருக்கே சார், கையில ஒட்டும், ரெண்டு ரெண்டாப் போயிடும்" என்றார். அப்புறம் கேட்டார், "எந்த லைன்ல போடணும்? தமிழ்ப் பேப்பர் வாங்குற வீட்டுக்கு மட்டும் போடட்டுமா, எல்லாத்துக்குமா?"

அந்தக் கேள்வியில் நான் அசந்துபோய்விட்டேன். எந்தத் தெருவில், எந்த மாடியில் தினத்தந்தி வாங்குகிறார்கள், எந்த வீட்டில் தினமணி, எங்கே இங்கிலீஷ் மட்டும் என்று அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பணம் வாங்கிக்கொண்டு தருகிற "குறி பார்த்த விளம்பரம்" இதுதானே!

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் ஏற்கெனவே வீட்டுமனை விளம்பரத் தாள்களால் வீங்கியிருக்கும். அன்றைக்கு நம் நோட்டீஸ் போனால், பேப்பரை உதறும்போது மற்ற தாள்களோடு சேர்ந்து நேரே குப்பைக்கு. ஞாயிறு விழாவுக்கு வெள்ளி அல்லது சனி காலை சரியான நாள். தாள் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். சொருகும் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை நீங்களே போய் நில்லுங்கள், இல்லையென்றால் பாதிக் கட்டு ஷட்டருக்கு அடியிலேயே தூங்கும்.

பேப்பருக்குள் சொருகுவது ஒன்று, பேப்பரிலேயே வருவது இன்னொன்று. தினத்தந்தி, தினமணி இரண்டுக்கும் பெங்களூர்ப் பதிப்பு இருக்கிறது. தினச்சுடர் இங்கேயே வெளியாவது. நிகழ்ச்சிச் செய்தியாகப் போடச் சொல்லிக் கேட்டால் காசு இல்லாமலேயே வர வாய்ப்புண்டு. நாலைந்து நாள் முன்பே, யார், எங்கே, எப்போது என்று ஐந்து வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை இரண்டு பக்கத்துக்கு விழாக் குழுவினர் பெயர்களை எல்லாம் எழுதிக் கொடுத்தோம். பெயர்கள் வந்தன, இடம் வரவில்லை. காசு கட்டி விளம்பரம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தப் பட்ஜெட்டுக்கு வரும் அளவில் அது கல்யாண வரன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் தொலைந்துபோகும்.

கோயில் அறிவிப்புப் பலகையும் சர்ச் அறிவிப்பும் இதே தூரத்துக்கான வழிகள்தான். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமை வரும் கூட்டம் தெரியும் அல்லவா? பங்குத்தந்தை ஒப்புக்கொண்டு, பூசை முடிந்ததும் ஒரு வரி வாசித்தால் ஆயிரம் நோட்டீஸுக்குச் சமம். ஆனால் நேரில் போய்க் கேட்க வேண்டும், மேடையில் அரசியல் பேச்சு இருக்காது என்று உறுதி கொடுக்க வேண்டும். பொங்கல் எல்லோருக்குமானது என்று நாம் சொல்வது உண்மையா என்று சோதிக்கிற இடமும் அதுதான்.

## வாட்ஸ்அப்

காசில்லை, வேகம் அதிகம், எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனாலேயே எல்லோரும் இதை மட்டும் நம்பிவிடுகிறார்கள். நாம் எதிர்பார்க்கிறபடி அது பரவுவதில்லை.

ஒரு குரூப்பில் அதிகபட்சம் 1,024 பேர்தான். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. அது கை மாறிக் கை மாறி "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால், அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் போகும். வதந்தியைத் தடுக்க வைத்த பூட்டு, நம் பொங்கல் போஸ்டரையும் சேர்த்துத்தான் பூட்டுகிறது. பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எங்கள் செயலாளர் 250 பேருக்கு அனுப்பிவிட்டு, ஒருவர்கூட பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். பாதிப்பேர் போனில் அவர் நம்பரே இல்லை.

வேலை செய்கிற வழி: ஏரியாவுக்கு ஒருவராகப் பத்துப் பேரைப் பிடியுங்கள். ஸ்ரீராம்புரத்துக்கு ஒருவர், லிங்கராஜபுரத்துக்கு ஒருவர், ஃப்ரேசர் டவுனுக்கு ஒருவர். அவரவர் தம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதி, போஸ்டரைப் புதிதாக ஏற்றி அனுப்ப வேண்டும், ஃபார்வர்டு கூடாது. "நான் போறேன், நீங்களும் வாங்க சித்தி" என்ற ஒரு வரி கூட இருந்தால் ஆள் கிளம்புவார். வெறும் போஸ்டரைப் பார்த்தால் கும்பிடு எமோஜி போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்.

இன்னொரு தொல்லை, வாட்ஸ்அப்பில் எதுவும் சாவதில்லை. ஒரு வருடம் எங்கள் போஸ்டரில் "ஜனவரி 18, மாலை 5 மணி" என்று மட்டும் போட்டோம். அடுத்த வருடம் கிரவுண்டு கிடைக்காமல் விழா மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. யாரோ பழைய போஸ்டரைத் தோண்டி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி சாயங்காலம் வாட்ச்மேன் போன் செய்தார். "சார், ஒரு ஃபேமிலி வந்து நிக்குது, பொங்கலாம்." ஓசூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டின இரண்டு பெண் குழந்தைகள் காலி கிரவுண்டில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. நான் போய் மன்னிப்புக் கேட்டு, பக்கத்தில் இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த அம்மா, "பரவாயில்லப்பா, அல்சூர் ஏரியையாவது பார்த்தோம்" என்றார். மறுபடி வரவில்லை.

போஸ்டரில் தேதி, கிழமை, வருடம் மூன்றும் இருக்க வேண்டும். தொடர்புக்கு என்று போடும் நம்பர், போன் எடுக்க நேரம் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். விழாவுக்கு முந்தின இரண்டு நாள் அந்த போன் ஓயாது. பார்க்கிங் இருக்கிறதா, சாப்பாடு உண்டா, குழந்தைக்கு டிக்கெட்டா என்று மூன்று கேள்விகள்தான், நூறு வாயிலிருந்து. மூன்றுக்கும் பதிலைப் போஸ்டரிலேயே எழுதினால் போன் பாதியாகும்.

## இன்ஸ்டாகிராமும் டிக்கெட் ஆப்பும்

மெட்ரோ தூரத்து ஆட்கள், அதிலும் முப்பது வயதுக்குக் கீழே, ஒரு குரூப்பிலும் இல்லாதவர்கள் வேண்டுமென்றால் இதுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்து பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி. விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு அல்சூரில் யாரையும் தெரியாது. பறை அடிக்கும் ஒரு முப்பது விநாடி ரீல் அவளைக் கொண்டுவரும்.

ஆனால் பார்த்தவர்கள் எண்ணிக்கையை நம்பி இலை போடக்கூடாது. ரீல் பார்த்தவர்களில் பலர் மதுரையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். காசு கட்டித் தள்ளினால் நகரத்தையும் சுற்றளவையும் குறிக்கலாம், அதைக் குறிக்காமல் பட்டனை அழுத்துவதுதான் வழக்கமான தப்பு. கட்டும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ரீல் எடுக்கிற பையனுக்கு அரை நாள், வெட்டி ஒட்ட இன்னொரு ராத்திரி. அதுவும் செலவுதான். கூட்டத்தின் அளவு உங்கள் பிடியில் இல்லாத வழியும் இதுவே.

அந்தப் பிடி வேண்டுமென்றால் புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் மாதிரி ஆப்பில் பதிவு வைக்கலாம். வீட்டில் உட்கார்ந்து "இந்த வாரம் எங்கே போகலாம்" என்று தேடுபவர்களின் கண்ணிலும் படும். இலவசப் பதிவை மட்டும் நம்பாதீர்கள். எங்களுக்கு முந்நூறு பேர் பதிந்தார்கள், பாதிகூட வரவில்லை. முந்நூறு பேருக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு நாள் தின்றோம். ஐம்பது ரூபாய் டிக்கெட் வைத்தபோது பதிந்தவர்கள் குறைவு, ஆனால் பதிந்தவர்கள் வந்தார்கள். ஆனால் டிக்கெட் வைத்ததும் தெருக்காரர்கள் "நம்ம கிரவுண்டுல நமக்கே டிக்கெட்டா?" என்று கேட்டார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எஃப்.எம். பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். 2001-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். ஆனால் தனியார் ஸ்டேஷன்களின் மொழி பெரும்பாலும் கன்னடமும் இந்தியும், விலையும் நம் கைக்கு எட்டாது.

## ஊரின் சொந்த வாய்

நகரமே நமக்காகப் பேசினால்? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, பெரிய விழாவுக்குள் சின்ன விழாவாக நுழைவது. 2023 டிசம்பரில் தொடங்கிய பி.எல்.ஆர். ஹப்பா மாதிரி ஊர் முழுக்க நடக்கும் கலை விழாவுக்குள் ஓர் இடம் கிடைத்தால், விளம்பரத்தில் பாதி அவர்கள் தலையில். மும்பையில் 1999-லிருந்து நடக்கும் காலா கோடா விழா இந்த வழிக்கு நல்ல உதாரணம்: ஒன்பது நாள், நுழைவு இலவசம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சின்ன நிகழ்ச்சிக்கும் தனியாக ஊரைக் கூப்பிட வேண்டியதில்லை, காலா கோடா என்ற அந்தக் கறுப்புக் குதிரையே கூப்பிடும். விலை என்னவென்றால் தேதியும் இடமும் நம் கையில் இல்லை, பல மாதம் முன்பே கேட்டு வைக்க வேண்டும், தை முதல் நாளை அவர்களுக்காக நகர்த்த முடியாது. பறைக்குழுவோ கூத்தோ தனி நிகழ்ச்சியாக இருந்தால் இது அருமை. பொங்கலுக்கு ஆகாது.

இரண்டாவது மெட்ரோ. ஸ்டேஷன் விளம்பரம் பெரிய கம்பெனிகளின் விளையாட்டு, நமக்கு வேண்டாம். மெட்ரோவின் பெயரைப் போஸ்டரில் போட காசு வேண்டாமே! லால்பாக் மலர்க் கண்காட்சி நாட்களில் மெட்ரோ திரும்பி வரும் பயணத்துக்குத் தனியாகக் காகித டிக்கெட் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். விழாவையும் ஸ்டேஷனையும் சேர்த்தே ஊர் நினைத்துக்கொள்கிறது. நாங்கள் செய்த தவறு, நோட்டீஸில் "அல்சூர் மெட்ரோ" என்று போட்டது. மேப்பில் அப்படி ஒரு ஸ்டேஷனே கிடையாது, "ஹலசூரு" என்றுதான் இருக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் பக்கத்து ஸ்டேஷனான டிரினிட்டியில் இறங்கி அலைந்தார்கள். அடுத்த வருடம் "ஹலசூரு மெட்ரோ, ஏரிப் பக்கம், 10 நிமிட நடை" என்று போட்டோம். வழி கேட்டு வந்த போன் நின்றது.

மூன்றாவது டிராஃபிக் போலீஸ். உங்கள் தெருவை உண்மையிலேயே அடைக்க வேண்டியிருந்தால், கடைசி நேரத்தில் ஸ்டேஷனில் போய் நிற்காமல் மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். போக்குவரத்து மாற்றம் என்று அறிவிப்பு வந்தால் இலவச விளம்பரம். விளம்பரத்துக்காகவே தெருவை அடைக்க நினைப்பவர்களும் உண்டு. அக்கம்பக்கம் சாபம் விடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தத் தூரத்துக்கு | எத்தனை நாள் முன்பு | ரசீதில் வராத செலவு | கூட்டம் நம் பிடியில் இருக்குமா |
|---|---|---|---|---|
| ஃப்ளெக்ஸ், போஸ்டர் | நடை | வேண்டாம் | அபராதம், மறுநாள் காணாமல் போவது | ஓரளவு |
| துணி பேனர், கேட்டுக்கு உள்ளே | வாசல் | 2 வாரம் | எழுதுகிறவரைத் தேடுவது | ஆம் |
| பேப்பருக்குள் நோட்டீஸ் | நடை | அடிக்க 1 வாரம், போட 2 நாள் | விடியற்காலை அலைச்சல் | ஆம் |
| பேப்பரில் செய்தி | பஸ் | 4, 5 நாள் | இடம் விடுபடும் ஆபத்து | ஓரளவு |
| கோயில், சர்ச் அறிவிப்பு | நடை, பஸ் | 2 வாரம் | நேரில் கேட்பது, நம்பிக்கை | ஆம் |
| வாட்ஸ்அப் | பஸ், மெட்ரோ | 10 நாள், மீண்டும் முந்தின நாள் | போன் எடுப்பது, பழைய போஸ்டர் | ஓரளவு |
| இன்ஸ்டாகிராம் | மெட்ரோ | 2 வாரம் | ரீல் வேலை, ஜி.எஸ்.டி. | இல்லை |
| டிக்கெட் ஆப் | மெட்ரோ | 3 வாரம் | பதிந்துவிட்டு வராதவர்கள் | ஆம் |
| பெரிய விழாவோடு சேர்வது | ஊர் முழுக்க | பல மாதம் | தேதி, இடம் நம் கையில் இல்லை | அவர்கள் பிடியில் |

## யாருக்கு எது

தெரு விழா, ஆயிரம் பேருக்குள், பெரும்பாலும் குடும்பங்கள் என்றால் நோட்டீஸும் அறிவிப்பும் வாட்ஸ்அப்பும். மற்றதைத் தொட வேண்டாம். கச்சேரி, நாடகம், பேச்சு என்று இருக்கை எண்ணி நடத்துவதாக இருந்தால் டிக்கெட் ஆப்தான் முதலில், அதற்குத் தள்ளிவிட இன்ஸ்டாகிராம். புதுக் கலைக்குழு ஊருக்கு முகம் காட்ட வேண்டுமென்றால் பெரிய விழாவுக்குள் நுழையப் பாருங்கள், ஒரு வருடம் காத்திருந்தாலும் சரி. கையில் மூன்றே நாள் இருக்கிறதென்றால் அந்தப் பத்துப் பேரின் வாட்ஸ்அப் தவிர வேறு வழி இல்லை.

ஆஸ்டின் டவுன் நண்பர் விஷயத்தில் மெட்ரோ பக்கத்தில் இல்லை. வரப்போகிறவர்கள் நீலசந்திரா, விவேக் நகர், ஆஸ்டின் டவுன் ஆட்கள், எல்லாம் நடை அல்லது ஒரு பஸ். அதனால் இன்ஸ்டாகிராமுக்குக் காசு கட்ட வேண்டாம், பையன்கள் ஆசைக்கு ஒரு ரீல் போடட்டும் என்றேன். நாலாயிரம் நோட்டீஸ் கனமான தாளில், தமிழ்ப் பேப்பர் லைனுக்கு இரண்டாயிரம், வியாழக்கிழமை பூசைக் கூட்டத்துக்குக் கையில் கொடுக்க ஆயிரம், மிச்சம் கடைகளுக்கு. பஸ் ஸ்டாப் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னேன். பேனருக்கு ஒதுக்கிய பணத்தில் கிரவுண்டுக்கு இரண்டாவது வாசல் திறந்து விளக்குப் போடச் சொன்னேன். விளம்பரக் கணக்கில் விளக்கா என்று கேட்டார். இந்த வருடம் வருகிறவர்கள் இருட்டில் தடுமாறாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த வருடம் நோட்டீஸ் பாதி போதும் என்றேன், அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

நேற்று ராத்திரி நோட்டீஸ் டிசைனை அனுப்பியிருந்தார். கன்னடம் மேலே, தமிழ் கீழே, மூலையில் பானை, கரும்பு. பஸ் ஸ்டாப் பெரிய எழுத்தில். சாப்பாடு உண்டு, டிக்கெட் இல்லை, பார்க்கிங் இல்லை என்று மூன்று வரி. தேதி, கிழமை, நேரம் எல்லாம் இருந்தது. வருடம் இல்லை.